கழுவி வைத்த வீடு

சௌந்திரத்துக்குத் தன் ஞாபகத்தின் மேல் இப்போது அவ்வளவு நம்பிக்கையில்லை. அன்றைக்கு நாச்சிமுத்துவின் சமையலறையில் அவள் கழுவியது ஒரு டம்ளரா, இரண்டா? இரண்டு என்றுதான் கைக்குத் தெரியும். ஆனால் ஒன்று என்று போலீசிடம் சொன்னாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அந்த இன்னொரு டம்ளர் அவளுக்கே கண்ணில் வருவதில்லை.

நாச்சிமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எடப்பாடிக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு இரண்டு விசைத்தறி, நான்கு விசைத்தறி. கரண்ட் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஃபியூஸ் போனால் யாரும் ஆபீசுக்கு போன் செய்வதில்லை, பக்கத்து வீட்டுக்காரியான சௌந்திரம் முதல் ஆளாக அவரிடம் ஓடுவாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு வருவார்.

"பென்சன் வாங்கறவருகிட்ட வேலை வாங்கறமுங்க, பாவம்" என்பாள்.

"கம்பத்துல ஏறாட்டி எனக்கு முட்டி புடிச்சுக்குது சாமி. நீங்கதான் எனக்கு வைத்தியம் பாக்கறீங்க."

மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். ஒரே மகள் கோகிலவாணி ஓசூரில்.

அன்று புதன்கிழமை. காலையிலிருந்து தெரு முழுக்கத் தறி ஓடியது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையால்தான் பேசவேண்டும். மதியம் தறியை நிறுத்திவிட்டு அவருக்கு ரசம் கொண்டுபோனபோது, கொல்லையில் துவைகல்லுக்கு அருகே அவர் கிடந்தார். பாசி வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஓடி வந்த அத்தனை பேருக்கும் அப்படியே தோன்றியது. அவருக்கு வேறு மாதிரிச் சாவு வரும் என்று அந்தத் தெருவில் யார் நினைப்பார்கள்? ஆண்கள் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். தெருமுனை டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஓசூரிலிருந்து மகள் வர நாலு மணி நேரமாகும். அதற்குள் வீடு பார்க்கும்படி ஆகவேண்டும் என்று சௌந்திரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் தூவி, தேங்காய் நாரால் துவைகல்லில் ரத்தம் போகத் தேய்த்தாள். வேட்டியை அலசிப் போட்டாள். ஊரே வந்து நிற்கப்போகும் வீடு என்று சமையலறையைக் கூட்டிப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தாள். கூடப் பிறந்தவனுக்குச் செய்வதுபோல அழுதுகொண்டே செய்தாள்.

குளிப்பாட்டும்போதுதான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சொந்தக்காரர் கையை நிறுத்தினார். "ஏனப்பா, உழுந்தவனுக்கு மண்டையில மூணு எடத்துலயா அடிபடும்?"

இன்ஸ்பெக்டர் வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு சுத்தமா கழுவி வெச்சிருக்கீங்களே, கோலம் ஒண்ணுதான் போடல."

"மக பாத்தா தாங்காதுன்னுங்க..."

"சமையல்கட்டுல என்ன கெடந்துச்சு?"

"தின்ன தட்டு, ஒரு டம்ளருங்க."

அந்த 'ஒரு' தானாக வந்தது. தினமும் பத்து மணிக்குத் தறியை அவளிடம் விட்டுவிட்டு, நாச்சிமுத்து வீட்டுக்கு டீ குடிக்கப் போகிறவர் அவள் கணவர் மதியழகன். தெருவுக்கே தெரியும். அன்று பாவு நூல் எடுக்க ஜலகண்டாபுரம் போனதாகச் சொன்னார். எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அவள் கவனிக்கவில்லை. அவர் செய்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவளை ஒரு அடி அடித்தவரில்லை. பாடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைபோல அழுதவர். டீ குடிக்கப் போனீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். போனேன், குடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றுகூட அவர் சொல்லலாம். ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது கேள்வி வாய்வரை வரும். குழம்பை ஊற்றுவாள்.

இரண்டாம் வருடத் திதிக்குக் கோகிலவாணி வந்தாள். சாப்பாடு முடிந்ததும் சௌந்திரத்தின் தறிக்கூடத்துக்கு வந்து நூல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். சௌந்திரம் தறியை நிறுத்தினாள்.

"நீங்க கழுவுனதுக்கு நான் ஒரு நாளும் கோவிச்சுக்கல அத்தை. எனக்காகத்தான கழுவுனீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊட்ல அப்பாகூட யாராச்சும் இருந்தாங்களா? எவனோ திருடன்னா சரி. கூட உக்காந்து பேசுனவங்கன்னா... எனக்குத் தெரியோணும்."

சௌந்திரம் நின்ற தறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு டம்ளர் கழுவுனேன் கண்ணு."

கோகிலவாணியின் பார்வை ஆளில்லாத பக்கத்துத் தறிக்குப் போனது.

"மாமா அன்னிக்கு டீக்குப் போனாரா?"

"கேக்கல சாமி."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமா."

கோகிலவாணி அழவில்லை. எழுந்து புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினாள். "வாரேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனாள். புது இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். மதியழகனை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று காலை அவர் கடைக்கு வந்தது உண்மை என்று ஜலகண்டாபுரம் நூல் கடைக்காரர் சொன்னார். எத்தனை மணி என்று சொல்ல அவருக்கு நினைவில்லை. கொன்றவர் இன்றுவரை அகப்படவில்லை. அப்பா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோகிலவாணி திதியை ஓசூரிலேயே கொடுக்கிறாள். தெருவில் இப்போது எல்லோரும் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் தறி ஓட்டுகிறார்கள். மதியழகன் பத்து மணி டீயை விட்டுவிட்டார். போலீசிடம் யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நிற்கிறார்கள். அவர் தறியில் இழை அறுந்தால் முன்பெல்லாம் அவள் கை நீளும். இப்போது அவரே நிறுத்தி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நுனியைத் தேடுகிறார். நெடுநேரம் தேடுகிறார்.