மாட்டுத் தொட்டித் தண்ணீர்

ஓரின் விடியும் முன் எழுந்தான். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினான்; தேள் இல்லை. தலைகீழாக நிறுத்தியிருந்த பாட்டிலை நிமிர்த்தினான். பனிக்கட்டி அடியில் இருந்தது, வாய்ப்பக்கம் தண்ணீர். அதில் ஓட்ஸை ஊறவைத்துக் குளிரக் குளிரத் தின்றான். பாயைச் சுருட்டினான். கூடாரத்தை மடித்தான். அப்போதுதான் தண்ணீர் வடிகட்டி பையின் வெளிப்பக்கம் செருகியபடியே இருப்பதைப் பார்த்தான். கல்லாக உறைந்திருந்தது.

நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் நடப்பவர்கள் இரவில் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். உறைந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழல்கள் வெடித்துவிடும். பார்த்தால் தெரியாது. தண்ணீர் வரும், கிருமியும் வரும். மனைவி மாரிட் இருந்தவரை அது அவள் வேலை. கழுத்தில் கட்டிக்கொண்டு தூங்குவாள். மெக்ஸிகோ எல்லை வரையிலான இந்த நடைக்குத் திட்டம் போட்டதே இருவரும் சேர்ந்துதான். வசந்தத்தில் அவள் இறந்துபோனாள். இலையுதிர்காலத்தில் அவன் மட்டும் கிளம்பினான்.

மதியம் எதிரே, முன்பே பழக்கமான லேலண்ட் வந்தார். பாதையில் எல்லோருக்கும் அவர் ஸ்பூன். முதல் வாரத்திலேயே கரண்டியைத் தொலைத்தவர்.

"என்னப்பா மூஞ்சி இப்படித் தொங்குது? பேன்ட்டுக்குள்ள தேள் பூந்துடுச்சா?"

"ஃபில்டர் உறைஞ்சுபோச்சு, ஸ்பூன்."

"அடப்பாவி! நேத்து நடக்க ஆரம்பிச்சவன்கூட அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுதானே தூங்குறான்."

"முன்னால தண்ணி இருக்கா?"

"காற்றாலைக்குக் கீழ மாட்டுத் தொட்டில இருக்கு. பச்சைப் பசேல்னு. ஒரு காக்கா செத்து மெதக்குது. கடைசி க்ளோரின் மாத்திரையப் போட்டுக் குடிச்சும் எனக்குச் சாணி ஏப்பம் வருது. கேஸ் எவ்ளோ வெச்சிருக்க?"

ஓரின் உருளையைக் காதருகே ஆட்டினான். "ஒரு தடவை கொதிக்கும்."

"அப்ப என்கூடத் திரும்பி ரோட்டுக்கு வா. சாயந்திரம் ஊர்ல சுடச்சுட பர்கர் தின்னலாம்."

"ஊருக்குப் போனா மறுபடி வரமாட்டேன்."

லேலண்ட் அவனையே பார்த்தார். "சரியான பிடிவாதம். போ. காக்காவை நான் கேட்டேன்னு சொல்லு."

பொழுது சாயும்போது தொட்டியை அடைந்தான். மாடுகள் நகரவில்லை. காக்கையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு, குழாய் சொட்டும் மூலையில் மொண்டு, கைக்குட்டையில் வடிகட்டினான். காற்று பலமாக இருந்தது. பையைக் காற்றுக்குத் தடுப்பாக வைத்து அடுப்பை மூட்டினான். நூடுல்ஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டான். நூடுல்ஸ் போட்டால் குடிக்க மிஞ்சாது. நாளை மதியம் பண்ணைவீட்டுக் குழாய் வரும்வரை குடிக்க இதுதான். இரவு முழுக்கச் சூட்டுக்கும் இதுதான்.

நெருப்பு சுருங்கியது. அவன் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். தண்ணீர் துள்ளிக் கொதித்தது. அதன்பிறகுதான் நெருப்பு அணைந்தது.

பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டு, தூக்கப்பையின் அடிக்குத் தள்ளினான். வடக்கே மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. படுத்தபடியே நூடுல்ஸைப் பச்சையாக மென்றான். கால்கள் மரத்திருந்தன. பாட்டிலைப் பாதங்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டான். மெல்லக் கூச்சம் வந்தது, பிறகு வலி, பிறகு சூடு. நாளை நடக்கலாம்.

அடக்கத்தின்போது எல்லோரும் கேட்டார்கள், மாரிட் கடைசியாக என்ன சொன்னாள் என்று. நடையை முடித்துவிட்டு வா என்றாளா என்று லேலண்டும் ஒருமுறை கேட்டிருந்தார். அப்படி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியின் ஒற்றைக் கட்டிலில் அவளை ஒட்டிப் படுத்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"காலை என்மேல வைக்காத, ஓரின். ஐஸ் மாதிரி இருக்கு."