கண்ணாடி இல்லாத கேமரா

மைத்துனி காபித் தம்ளரோடு உள்ளே வந்தபோது அவர் கண்ணில் கேமரா இருந்தது.

கட்டிலில் அவர் மனைவி ஒருக்களித்துக் கிடந்தாள். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனை தலைமாட்டில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த வாடகை ஆக்சிஜன் மிஷினுக்குப் போயிற்று. டயாலிசிஸை இனி உடம்பு தாங்காது என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றிலிருந்து அவள் பேசவில்லை.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் கேமராவை இறக்கினார்.

"இப்பவா எடுப்பாங்க? இந்தக் கோலத்துலயா?" தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. "எழுந்து உட்கார்ந்து பேசிட்டிருந்தவள ரெண்டு வருஷமா ஒரு போட்டோ எடுக்கல. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பெண் தலை நிமிரவில்லை. நனைத்த பஞ்சை நோயாளியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வா" என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்கு நடந்தார்.

மைத்துனி உட்காரவில்லை. அவர் கேமராவின் பின்பக்கத் திரையை அவள் பக்கம் திருப்பிச் சக்கரத்தை நகர்த்தினார். முதலில் அன்று காலை எடுத்தவை வந்தன. பிறகு போன வாரம். பிறகு மழைக்காலம். அக்கா நாற்காலியில் தூங்கினாள். அக்கா ரேடியோவின் மேல் காதை வைத்திருந்தாள். அக்கா சட்டைப் பொத்தானின் துளையை விரல் நுனியால் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா போனில் யாரிடமோ சிரித்தாள்.

"இந்தச் சால்வை நான் வாங்கிக் கொடுத்தது" என்றாள் மைத்துனி. "அப்ப என்கிட்டதான் பேசிட்டிருந்தா."

அவர் தொடர்ந்து திருப்பினார்.

"இதுக்கு முடிவே கிடையாதா?"

"வேற கார்டுலயும் இருக்கு."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்படித் தெரியாம இருக்கும்? அவளுக்குப் பாம்புச் செவியாச்சே."

அவர் கேமராவை அவள் பக்கம் நீட்டினார். பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. திரையைத் திருப்பிக் காட்டியபோது அதில் அவள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை கொடுப்பது அவர் தொழில். இதற்கு முன் வைத்திருந்த பழைய கேமராவை அதற்காகத்தான் வாங்கினார். டிஎஸ்எல்ஆரில் விலை குறைந்த வகை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குவது. அதன் உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. பொத்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி மேலே எகிறி, படம் விழுந்ததும் கீழே வந்து உட்காரும். டடக். தகடு தட்டும் பட்டறையிலும் அந்த ஓசை தனியாகத் தெரியும்.

சர்க்கரை நோயில் மனைவியின் பார்வை போன பிறகு, வேலை முடிந்து வந்ததும் அவளை ஒரு படம் எடுப்பது வழக்கமாயிற்று. யார் தொடங்கி வைத்தது என்று இருவருக்கும் நினைவில்லை. ஓசை கேட்டதும் அவள் மோவாயைத் தூக்குவாள்.

"எடுத்தாச்சா? எப்படி இருக்கேன், வாசிங்க."

வண்டிக்கு வாசிப்பதுபோலவே அவர் வாசிப்பார். "முன்பக்கம் சேதமில்ல. இடது கன்னத்துல மாவு. மேல்பக்கம் வெளுப்பு கூடியிருக்கு, பெயின்ட் தேவைப்படும்."

"டோட்டல் லாஸா?" சரிசெய்யவே முடியாத வண்டிக்கு அவர் தொழிலில் அதுதான் பெயர்.

"சேச்சே. ஓடற வண்டி."

அந்த வரியோடுதான் அறிக்கை முடியும். அவளைப் பற்றி அவளிடம் அவர் வேறு எதுவும் சொன்னதில்லை.

சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கத் தொடங்கியிருந்தது. ஒரு மாலை, ஓசை கேட்டும் அவள் மோவாயைத் தூக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னங்களைத் தடவிப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சி வேண்டாம். இனிமே எடுக்காதீங்க."

அவர் சரி என்றார். அடுத்த மாதம் கேமராக் கடைக்குப் போனார்.

"பழசுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம்தான் சார்" என்றார் கடைக்காரர். "அதுல கண்ணாடி இருக்கு, இதுல இல்ல. மத்ததெல்லாம் அதுலேர்ந்து வர்றது. கனம் பாதி. இருட்டுலயும் எடுக்கும். கண்ணு எங்க இருக்குன்னு அதுவே தேடிப் பிடிச்சுக்கும். சத்தத்த நிறுத்திட்டா பக்கத்துல தூங்கற குழந்தைகூடப் புரளாது. பேட்டரி மட்டும் கொஞ்சம் தீனிப் பண்டாரம்."

அவர் கடையிலேயே சத்தத்தை நிறுத்தினார்.

தோள் வலிக்காக, கனமில்லாத கேமரா வாங்கியதாக மனைவியிடம் சொன்னார். கண்ணாடி இல்லாதது என்றும் சொன்னார்.

"அப்ப எனக்குத் தோதுதான். எனக்கும் கண்ணாடிக்கும்தான் பேச்சுவார்த்தையே இல்லையே" என்று அதைக் கையில் வாங்கினாள். மூலைகளைத் தடவினாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவர் இருந்த பக்கம் முகத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த முதுகுதான் புதிய கேமராவில் முதல் படம்.

"அக்கா என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா?" என்றாள் மைத்துனி.

அவர் கேமராவை அணைத்தார்.

"'வேண்டாம்னு ஒரே ஒரு தடவ சொன்னேன்டி, மனுஷன் டக்குனு கேட்டுட்டார். தண்ணி மோட்டார நிறுத்துங்கன்னா பத்து தடவ கத்தணும். இதுக்கு மட்டும் ஒண்ணே போதும் போல'ன்னா. சிரிச்சிட்டுதான் சொன்னா. நானும் சிரிச்சுத் தொலைச்சேன்."

"அவதான் வேண்டாம்னா."

"அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. நீங்க கொஞ்சம் மல்லுக்கு நிக்கணும். அதுக்குத்தானே மாமா சொல்றது?" அவள் மூக்கைத் துடைத்தாள். "பார்க்கச் சகிக்காமத்தான் நிறுத்திட்டார்னு நினைச்சா. இத்தனை நாளும் அப்படியே நினைச்சிட்டிருந்தா."

அவர் லென்ஸ் மூடியைத் தேடினார். மேசையில் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார். அது அவர் இடது கையில் இருந்தது.

"போய்ச் சொல்லுங்க. காது கடைசி வரைக்கும் வேலை செய்யும்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

அவர் உள்ளே போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தார். மனைவியின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதன் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

"நான்தான்" என்றார்.

போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார்.

"பேசுங்க சார்" என்றாள் நர்ஸ். "அம்மாவுக்குக் கேக்கும்."

என்ன சொன்னாலும், சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க என்பாள் மனைவி. அவர் சொல்வதில் பாதியைத்தான் அவள் நம்புவாள். தன் காதில் விழுந்த ஓசையை முழுதும் நம்புவாள்.

அவர் புதிய கேமராவை எடுத்து அதன் மெனுப் பட்டியலில் இறங்கினார். சத்தத்தை எங்கே நிறுத்தினோம் என்பது மறந்திருந்தது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி போய்க் கண்டுபிடித்தார். அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில், மூடிய இமைமேல் சின்னக் கட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அழுத்தினார்.

ச்சிக்.

"இதுவா சத்தம்?" என்றாள் வாசலில் நின்ற மைத்துனி. "ஊசி விழுந்த மாதிரி இருக்கு."

மனைவியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். இது அவளுக்கு அறிமுகமில்லாத ஓசை. பேனா மூடுகிறது என்று நினைப்பாள். மாத்திரை அட்டை உடைகிறது என்று நினைப்பாள்.

பழைய கேமரா பீரோவின் அடித்தட்டில் பையோடு இருந்தது. பொத்தானைத் தள்ளினார். உயிர் இல்லை. புதியதன் பேட்டரி அதில் பொருந்தாது, மெலிந்தது. பழையதன் சார்ஜரைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார். சவர மிஷின் ஒயர், செத்துப்போன போன்களின் ஒயர்கள், எதற்கென்றே தெரியாத ஒன்று.

"என்ன தேடறீங்க?"

"சார்ஜர். கருப்பு."

"எல்லாமே கருப்பாத்தான் இருக்கு மாமா" என்றாள். ஆனாலும் தரையில் உட்கார்ந்து சிக்கலைப் பிரித்தாள். அவள்தான் கண்டுபிடித்தாள். கூடத்தில் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முழுதும் ஏறினால் பச்சையாகும்.

அவர் சார்ஜர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கு முன்னால என்ன காவல்? அக்காகிட்ட இருங்க."

அவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விளக்கைப் பார்த்தார். மீண்டும் போனார். வெயில் திரைச்சீலையின் ஓரத்தை விட்டு நகர்ந்தது. காபியில் ஆடை கட்டியிருந்தது. மனைவியின் மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமாயிற்று. அது வந்தபோது அவரும் மூச்சு விட்டார்.

"சார்" என்றாள் நர்ஸ். "மூச்சு மாறுது. வேற எங்கயும் போயிடாதீங்க."

அவர் கூடத்துக்கு ஓடினார். விளக்கு சிவப்பாகவே இருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்தார்.

பழைய கேமரா கையில் ஒட்டியது. பிடியின் ரப்பர் உருகியிருந்தது. கண்ணில் வைத்தார். சின்ன ஜன்னல், மங்கல், ஓரத்தில் எப்போதும் இருக்கும் தூசிப் புள்ளி. புதியது இந்த அறையைத் திரையில் வெளிச்சமாக்கிக் காட்டும். முகத்தை அதுவே கண்டுபிடிக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவு இருட்டு. கண்ணாடியில் பட்டு வரும் அதே ஒளி. அதில் அவள். லென்ஸ் முன்னும் பின்னும் கரகரவென்று நகர்ந்து அவளைத் தேடியது. அவர் நடுப்புள்ளியை அவள் நெற்றியில் வைத்துக் காத்திருந்தார். உருவம் தெளிந்தது. அழுத்தினார்.

டடக்.

நர்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். உள்ளே கண்ணாடி எகிறியதில் அவருக்கு ஒரு கணம் எல்லாம் கருப்பாகிவிட்டுத் திரும்பியது. இதில் படம் விழுகிற அந்த ஒரு கணத்தை எடுப்பவன் பார்க்க முடியாது. அவர் அதை மறந்திருந்தார்.

மனைவியின் மோவாய் அப்படியே இருந்தது. தலையணை அதைப் பிடித்திருந்தது.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். கேமராவின் சின்னத் திரையைக் கண்ணருகில் கொண்டுவந்தார்.

"முன்பக்கம்" என்றார். தொண்டையைச் செருமினார். "முன்பக்கம் சேதமில்ல. நெத்தியில முடி ஒட்டிட்டிருக்கு. வலது கன்னம் கொஞ்சம் அமுங்கியிருக்கு, தலகாணியால. உதட்டுல வெடிப்பு, சின்னதுதான். வீக்கம் வத்திடுச்சு. உன் பழைய மூஞ்சி வந்துடுச்சு."

மைத்துனி உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

"நான் எடுக்கறத நிறுத்தல" என்றார் திரையிடம். "சத்தத்தத்தான் நிறுத்தினேன். தினம் எடுத்தேன். வீங்கினதும் இருக்கு. முடி கொட்டினதும் இருக்கு. ரேடியோவுல காத வச்சிட்டு அப்படியே தூங்கிட்ட, அது இருக்கு. எல்லாத்துலயும் நல்லாத்தான் இருக்க. வாசிக்கத்தான் இல்ல. வாசிச்சா எடுத்தது தெரிஞ்சிடுமேன்னு."

"மாமா."

"இரு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காதுல தோடு இல்ல. ஆஸ்பத்திரியில கழட்டச் சொன்னாங்க. புருவத்துக்கு நடுவுல ஒரு கோடு. அது இன்னிக்கு வந்தது இல்ல, என்னைக் கட்டின நாள்லேர்ந்து இருக்கறது."

"மாமா, பாருங்க."

நர்ஸ் பெண் கட்டிலின் மறுபக்கம் வந்திருந்தாள். அவள் விரல்கள் மனைவியின் மணிக்கட்டில் இருந்தன. பிறகு கழுத்துக்குப் போயின. அங்கே கொஞ்ச நேரம் இருந்தன.

திரையில் மனைவியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டிலிலும் அப்படியே திறந்திருந்தது. அவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்த்தார். திரை தானாக அணைந்தது.

அறிக்கையில் ஒரு வரி பாக்கி இருந்தது.

"எப்ப?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார்" என்றாள் நர்ஸ். "நீங்க பேசிட்டிருக்கறப்ப."

"எதைச் சொல்றப்ப?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. மைத்துனியைப் பார்த்தாள். மைத்துனி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

நர்ஸ் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தோல் இழுபடாமல் உரித்தாள். போர்வையை மார்புவரை ஏற்றி ஓரங்களைச் சரிசெய்தாள். பிறகு தலைமாட்டுக்குப் போய் ஆக்சிஜன் மிஷினின் விசையை அணைத்தாள்.

அது ஒருமுறை குலுங்கி நின்றது. அத்தனை நேரமும் அது போட்ட இரைச்சலும் நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. கூடத்தில் மைத்துனி யாரிடமோ போனில், "ஆமா... ஆமா... இப்பத்தான்" என்றாள். மூடியிருந்த ஜன்னலுக்கு அப்பால், தெருவில், யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் வழி சொன்னார். உரக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

"வா. வா. கொஞ்சம் இடது பக்கம் ஒடி. ஆங், அப்படியே வா."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.