பட்டினியில்லை, நோன்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் தன் மகளுக்கு இருக்கிறதா என்று ரமீஜாவுக்குத் தெரியவில்லை. மடியில் கிடந்த எட்டு வயது அஸ்ஃபியாவுக்குக் கழுத்து நிற்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

பிறவிக் கோளாறு. சாப்பாடு தள்ளிப்போனால் மற்றவர்கள் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். இவள் உடம்புக்கு அது தெரியாது. சர்க்கரை இறங்கும், தசை சோரும், பிறகு மூச்சு. மூத்தவன் அனஸ் அப்படித்தான் ஒரு காய்ச்சலில் சாப்பிடாமல் தூங்கியவன், எழுந்திருக்கவேயில்லை. அவன் போன பிறகுதான் நோய்க்குப் பெயரே தெரிந்தது. பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

அதனால் மூன்று மணி நேரத்துக்கொரு தடவை கஞ்சி. டப்பாக்களில் ஊற்றி வைத்துவிட்டு, அடுத்த தெருவுக்கு நைட்டி தைக்கப் போவாள். இடையில் வந்து எட்டிப் பார்ப்பாள். இன்று ரம்ஜான் பெருநாள் ஆர்டர் நெருக்கியதில் வரவில்லை. இரண்டரைக்குத் திரும்பியபோது டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி. கொல்லையில் கோழிகள் கஞ்சியைக் கொத்திக்கொண்டிருந்தன. பாயில் பிள்ளை துவண்டு கிடந்தது.

"ஏட்டி, பட்டினி கெடக்கக் கூடாதுன்னு எம்புட்டு தடவ சொல்லிருக்கேன்?"

"பட்டினியில்லம்மா. நோம்பு."

அது ரமீஜாவின் வாக்கியம். நாளெல்லாம் பட்டினி கிடக்கிறாயே என்று உடன் தைக்கும் மாரிசெல்வி போன வாரம் கேட்டபோது, "பட்டினி வேற, நோம்பு வேற. நோம்புல ஒண்ணும் ஆகாது" என்று பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் அஸ்ஃபியா நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

ஆட்டோவில் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை உதட்டில் வைத்தாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது.

"நோம்பு தொறக்கப் பாங்கு சொல்லட்டும்."

"சொல்லிட்டாங்கட்டி." பொழுது சாய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"எனக்குக் கேக்கலியே."

தாடையைப் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் கவுன் முழுக்க வழிந்தது. கெஞ்சினாள், அதட்டினாள். முன்னால் காலேஜ் பஸ்கள் நகராமல் நின்றன. ஆட்டோ ஓட்டிய காசிராஜன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "செத்த பொறுங்கக்கா, வந்தாச்சு" என்றான். எங்கே வந்தது.

வயதுக்கு வந்ததிலிருந்து ரமீஜா உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு நோன்பையும் விட்டதில்லை. அது மகளுக்கும் தெரியும். பாட்டிலைத் தூக்கி, பிள்ளையின் கண்ணெதிரே மடக்மடக்கென்று குடித்தாள்.

"பாத்தியா? அம்மா தொறந்துட்டேன். பொழுது சாஞ்சிருச்சுட்டி."

அஸ்ஃபியா அவள் தொண்டையையே பார்த்தாள். அம்மா பொய் சொல்லலாம், குடிக்க மாட்டாள். மெல்ல வாயைத் திறந்தாள்.

ரமீஜா மூடியில் கொஞ்சம் ஊற்றிப் புகட்டினாள். தண்ணீர் வாய்க்குள்ளேயே நின்றது. கண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்குகிற வலு, கெஞ்சியும் அதட்டியும் போன அந்தப் பத்து நிமிடத்தில் போய்விட்டிருந்தது.