மஞ்சள் பூசிய வாக்குச்சீட்டு

வேணுகா அருட்செல்வனைக் கட்டுவதா இல்லையா என்பதைச் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கப் போகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். வேணுகாவுக்குத்தான் மூன்று கிழமையாகச் சிரிப்பே வரவில்லை.

எல்லாம் ஒரு துண்டுப்பிரசுரத்தால் வந்த வினை. பாராளுமன்றத்தின் மேல்சபையை ஒழிக்க வேண்டுமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு. ஒழிக்கத்தான் வேண்டும் என்று சொல்லும் கூட்டம் ஆராவ் ரயில் நிலையத்தில் நின்று கொடுத்த தாளில், நாலு வெள்ளைக்கார முகங்களுக்கு நடுவில் அருட்செல்வன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைக் கை நீட்டி வாங்கியவர் வேணுகாவின் அப்பா குலேந்திரன். தன் காதலைப் பற்றி அவள் வீட்டில் வாய் திறந்து அன்றைக்கு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“இவனோ உன்ரை ஆள்?”

“ஓம் அப்பா.”

“இலக்ட்ரீஷியன் எண்டுதானே சொன்னனீ? வீடு இடிக்கிற வேலையும் பாக்கிறான் எண்டு சொல்லேல்லையே!”

குலேந்திரனுக்கு மேல்சபை என்றால் வெறும் அரசியல் இல்லை. அவர் பன்னிரண்டு வயதுப் பொடியனாக யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இலங்கையில் செனட் சபையை ஒழித்தார்கள். அடுத்த வருடமே புது அரசியல் யாப்பு வந்தது. அதற்குப் பிறகு தமிழருக்கு நடந்ததையெல்லாம் அவர் அந்த நாளிலிருந்துதான் எண்ணுவார். சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, ஆளுக்கு இரண்டு கதிரை என்று வைத்திருக்கிற இந்த நாட்டுச் சபையில் அவருக்கு அப்படியொரு மரியாதை. குடியுரிமை நேர்முகத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் பத்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு வந்தவர்.

அருட்செல்வன் சும்மா இருந்திருக்கலாம். விளக்கம் சொல்லுகிறேன் என்று தொலைபேசி எடுத்தான். “அங்கிள், ஊரி எண்ட சின்ன மாநிலத்து ஆளின்ரை ஒரு வாக்கு, அந்தச் சபையிலை சூரிச் ஆளின்ரை நாற்பது வாக்குக்குச் சமன். இது நியாயமோ?”

“தம்பி, நாங்கள் இருந்த நாட்டிலை தலையை எண்ணித்தான் எல்லாம் செய்தவங்கள். நீர் அப்ப பிறக்கேல்லை” என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு மகளிடம் ஒரே வார்த்தைதான். “வாக்கெடுப்பு முடியட்டும். சபை போச்சுதெண்டால், அவன் இந்த வாசல்படி ஏறப்படாது.”

கருத்துக்கணிப்பு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

அந்த ஞாயிறு காலை குலேந்திரன் கோட்டுப் போட்டு, டை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி நின்றார். முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் உழைத்து, போன இலையுதிர்காலத்தில்தான் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. இது முதல் வாக்கு. பத்தில் ஒன்பது பேர் தபாலில் போடுகிற ஊரில் அவர் மட்டும் பெட்டிக்குள் தன் கையால்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

“இஞ்சாருங்கோ, சாமியடியிலை வச்சிருக்கிறன், கும்பிட்டிட்டு எடுங்கோ” என்றாள் அம்மா இரத்தினம்மா. முதல் நாளே அவர் நிரப்பி மடித்து வைத்திருந்த வாக்குச்சீட்டு, முருகன் படத்துக்கு முன்னால் உறைக்குள் இருந்தது.

வேணுகா சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அருட்செல்வன்.

‘பெட்டியடியிலை இருக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டிருக்கினம்.’

அவன் கட்சிப் பரிந்துரையில் நகராட்சியின் வாக்கெண்ணும் குழுவில் இருப்பவன் என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கே அவன் அங்கே வந்து நிற்பான் என்று யார் கண்டது?

‘அப்பா வாறார். ஒண்டும் கதைச்சிடாதை. ப்ளீஸ்’ என்று பதில் அடித்தாள்.

வழியில் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். “அப்பா, குளிரா இருக்கு, நான் கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள்ளை போடட்டோ?” குலேந்திரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் போகிறவர்போல நடந்தார்.

நகரமண்டபத்தின் கீழ்த் தளத்தில் ஒரு நீட்டு மேசை. ஓரத்தில் ஃப்ராவ் ஹுன்ஸிக்கர் என்ற வயதான அம்மா வாக்காளர் அட்டைகளை வாங்கினார். பக்கத்தில் முத்திரையோடு அருட்செல்வன். சீட்டின் பின்பக்கத்தில் அவன் முத்திரை குத்தித் தந்தால்தான் பெட்டிக்குள் போடலாம்.

குலேந்திரனின் கால் ஒரு கணம் நின்றது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், அட்டையைக் கொடுத்து, மடித்த சீட்டை அருட்செல்வனுக்கு முன்னால் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

அருட்செல்வன் முத்திரையைத் தூக்கினான். அது அப்படியே அந்தரத்தில் நின்றது.

குத்தடா, குத்திவிட்டுக் கொடுத்துவிடு என்று வேணுகா மனதுக்குள் கெஞ்சினாள்.

“அங்கிள்,” என்றான் அவன், மெல்லிய குரலில், “இந்தத் தாளைப் போடாதேங்கோ.”

“ஏன்? என்ரை வாக்கு உமக்கு வேண்டாமோ? நான் என்ன போட்டிருப்பன் எண்டு தெரியும், அதாலை பயமோ?”

ஃப்ராவ் ஹுன்ஸிக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“நீங்கள் என்ன போட்டனீங்கள் எண்டு நான் பாக்கவுமில்லை, பாக்கவும் மாட்டன். மூலையைப் பாருங்கோ. நாலு மூலையிலும் மஞ்சள்.”

குலேந்திரன் குனிந்து பார்த்தார். அம்மாவின் கைவேலைதான். நல்ல காரியத்துக்குரிய எந்தக் கடதாசியும் மூலைக்கு மூலை மஞ்சள் தொடாமல் அந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை. குடியுரிமை விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர்கூட, சாப்பிட்டுக்கொண்டே நிரப்பினீர்களா என்று கேட்டிருந்தார்.

“அது நல்லதுக்கு வச்சது” என்றார் குலேந்திரன். குரலில் இருந்த வீம்பு பாதியாகக் குறைந்திருந்தது.

“எனக்குத் தெரியும். ட்ரைவிங் சோதனைக்குப் போகேக்கை என்ரை அம்மாவும் வச்சவா. ஆனா இவையளுக்கு அது தெரியாது. பின்னேரம் எண்ணேக்கை, அடையாளம் வச்ச தாள் எண்டு செல்லாததுக்குள்ளை தள்ளிப் போடுவினம். சட்டம் அப்பிடி. கொஞ்சம் பொறுங்கோ, வேறை தாள் கேக்கிறன்.”

அவன் ஃப்ராவ் ஹுன்ஸிக்கரிடம் திரும்பி சுவிஸ் ஜெர்மனில் சொன்னான். அவர் சீட்டின் மூலையைத் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்து, “குர்குமா!” என்று மஞ்சளின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். பிறகு பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

குலேந்திரன் மறைப்புக்குள் போய் எழுதி வந்தார். அருட்செல்வன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முத்திரை குத்தினான். வாக்குச்சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. குலேந்திரன் பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியேறி வெளியே போனார்.

அப்பாவும் மகளும் ஆரே ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தார்கள். பாலத்தின் நடுவில் அவர் நின்றார்.

“அவன் பேசாமல் குத்திப்போட்டு விட்டிருக்கலாம்.”

“ஓம் அப்பா.”

“எனக்குத் தெரிய வந்திராது. உனக்கும் தெரிய வந்திராது. அவன்ரை ஆக்களுக்கு எதிரா ஒரு வாக்குக் குறைஞ்சிருக்கும்.”

வேணுகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் அவன்ரை மூஞ்சிக்கு முன்னாலை நிண்டு சத்தம் போட்டனான். ஆனா என்ரை வாக்கைக் காப்பாத்தித் தந்தவன் அவன்.” குலேந்திரன் டையைத் தளர்த்தினார். “எத்தினை மணிக்கு எண்ணி முடியுமாம்?”

“மூண்டு மணியாகும்.”

“அங்கை பாணும் சீஸும்தான் குடுப்பாங்கள். முடிஞ்ச உடனை வீட்டை வரச் சொல்லு. கொம்மா ஆட்டிறைச்சி காச்சிறா.”

“சபை போனால் எண்டு…”

“போனாப் போகட்டும்! அவனை வரச் சொல்லு எண்டு சொல்லுறன்.”

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். “விசரி, ஆக்கள் பாக்கினம்” என்று அப்பா தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மூன்றரைக்கு வானொலியில் முடிவு வந்தது. மக்களும் வேண்டாம் என்றார்கள், மாநிலங்களும் வேண்டாம் என்றன. சபை தப்பியது. நாலு மணிக்குத் தோற்ற முகத்தோடு அருட்செல்வன் கதவடியில் நின்றான்.

“வாரும், வாரும், இடிக்க வந்தவரே!” என்றார் குலேந்திரன். “சப்பாத்தைக் கழட்டும். சாப்பிட்டிட்டுத் துக்கம் கொண்டாடலாம்.”

“அடுத்த முறை வெல்லுவம் அங்கிள்.”

“அடுத்த முறைக்கு நூறு வருசம் ஆகும். இரத்தினம், பெடியனுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வை, பாவம்.”

அம்மா அவன் தட்டில் கறியை அள்ளி வைத்துவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “தம்பி, அப்ப சந்தனம் வச்சாலும் தள்ளிப்போடுவினமோ?”

குலேந்திரனுக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்து, கண்ணைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டு வந்து, வேணுகாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். “உம்மடை அப்பா அம்மா ஊஸ்டரிலைதானே இருக்கினம்?”

“ஓம் அங்கிள்.”

“வாற ஞாயிறு வீட்டிலை நிப்பினமோ எண்டு கேட்டுச் சொல்லும். நாங்கள் மூண்டு பேரும் வாறம்.”

அருட்செல்வன் வாயில் சோற்றோடு வேணுகாவைப் பார்த்தான். அவள் எழுந்து குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.