கார் வராத பாதை

ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டிக்கொண்டு நின்ற சுபாஸ்கரனின் மூக்குக்கு நேரே சபாரத்தினம் தன் போனை நீட்டினார்.

"இஞ்சை பாருங்கோ சம்பந்தி, இதுதான் எங்கடை எம்மெ ஆறு. கரையோடையே கிறவல் பாதை. கார் இல்லை, பஸ் இல்லை, ஒரு சனியனும் இல்லை. மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

நேரே நீட்டியதால் சுபாஸ்கரனுக்குப் படம் நன்றாகவே தெரிந்தது. வெள்ளைக் கிறவல் பாதை ஆற்றோடு வளைந்து போனது. அதற்கு அப்பால் பச்சைக் குன்றுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறின. எல்லாவற்றுக்கும் பின்னால், மேகமா மலையா என்று பிரிக்க முடியாத வெள்ளையில் ஆல்ப்ஸ் நின்றது. சுபாஸ்கரனுக்கு அந்தப் பாதையில் ஒரு தரமாவது சைக்கிள் ஓடவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஆசையில் பொய்யில்லை.

சம்பந்தம் இன்னும் முற்றாகவில்லை. ஆனால் சபாரத்தினம் ஹீத்ரோவில் இறங்கியதிலிருந்து சம்பந்தி, சம்பந்தி என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுகிறார். சுவிஸில் பேர்ன் பக்கத்தில் இருக்கிறவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர், சைக்கிள் பைத்தியம். எப்படிப்பட்ட பைத்தியமென்றால், மகனுக்குப் பெண் கேட்டு வந்த மனுசன் பெட்டிக்குள் பலகாரத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய சைக்கிள் சீற்றையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரவல் சைக்கிளில் அதைப் பூட்டித்தான் இன்றைக்கு ஓடப்போகிறார். அவருடைய மகன் துஷாந்தனும் சுபாஸ்கரனின் மகள் ஜதுர்ஷிகாவும் ஒரு வருடமாகப் பேசிப் பழகி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். இனிப் பெரியவர்கள் வாயால் கேட்டு, வாயால் சொல்லி முடிக்கவேண்டியதுதான் பாக்கி.

அந்த வாயால் கேட்பதற்குத்தான் சுபாஸ்கரன் பயந்துகொண்டிருந்தார்.

சுபாஸ்கரனுக்குக் கண் செத்துக்கொண்டிருந்தது. ஒரேயடியாக அல்ல. தோசை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருவதுபோல, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. நடு இன்னும் பழுதில்லை. லண்டனில் சட்டன் பக்கம் சாவி வெட்டுகிற கடையில் வேலை. சாவிப் பல்லில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள் அவருக்கு இல்லாத ஆள். மேசை மூலை இல்லை, நடைபாதைப் படி இல்லை, பக்கத்திலிருந்து வருகிற கார் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு அந்த வெள்ளைக்கார டொக்டர் பெண் பதமாகத்தான் சொன்னாள். இது பரம்பரை வருத்தம். நிறுத்த மருந்தில்லை. பிள்ளைகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சோதித்துப் பார்ப்போம்.

வீட்டுக்கு வந்து மனைவி சிவனேஸ்வரியிடம் சொன்னார். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் குந்தியிருந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைக்கு மூச்சும் விடக்கூடாது. முதல்லை கலியாணம் முடியட்டும். ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டிருக்கு. நாங்கள் சொல்லப்போறது ஒண்டே ஒண்டுதானே."

"பிள்ளைக்கும் இருந்தால்?"

"வாயைக் கழுவுங்கோ!"

லைசன்ஸைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. காரையும் விற்றார்கள். கார் இல்லாத தமிழனை லண்டனில் சனம் சும்மா விடுமா? கோயிலில் ஒருத்தி மடக்கிக் கேட்டபோது சிவனேஸ்வரி கொஞ்சமும் யோசிக்காமல், "இவருக்குச் சீனி வருத்தம் கூடிப்போச்சு. டொக்டர் சைக்கிள் ஓடச் சொல்லியிருக்கிறார்" என்று விட்டுவிட்டாள். சொன்ன பொய்க்காக அடுத்த கிழமை சைக்கிள் வாங்கவேண்டியதாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வித்தையை எங்கள் ஆட்களிடம்தான் படிக்கவேண்டும். கண் போகிறது என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, கண் போகிற மனுசனைச் சைக்கிளில் ஏற்றிவிட்ட கெட்டித்தனம் வேறு யாருக்கு வரும்!

றோட்டில் ஓட ஏலாது. ஓடினால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். அதனால் கார் வராத பாதையாகத் தேடி வாண்டில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். கார்சால்ற்றனிலிருந்து ஆறு வடக்கே போகிறது. அதன் பக்கத்திலேயே கிறவலும் மண்ணுமாகப் பாதையும் போகிறது. போகப் போக அந்தப் பாதை மனப்பாடமாயிற்று. எங்கே வேர் முண்டி நிற்கிறது, எங்கே இரும்புத் தூண் நட்டிருக்கிறது, எந்தப் பாலத்தில் பலகை வழுக்கும், எல்லாம் தெரியும். பொய்க்கு வாங்கிய சைக்கிள் மெல்ல மெல்ல அவருக்கு உயிராகிவிட்டது. ஊரில் பெயரும் வந்துவிட்டது. சுபாஸ்கரன் அண்ணை இந்த வயதிலும் என்ன மாதிரி ஓடுறார் என்று சனம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பேசுகிறது. அந்தப் புகழ் பேர்ன் வரைக்கும் போய்த்தான் இன்றைக்குச் சபாரத்தினத்தைச் சீற்றோடு கொண்டுவந்து இறக்கியிருந்தது.

"பாதை தெரிஞ்சவன்தான் முன்னுக்குப் போகவேணும்" என்று சொல்லி சுபாஸ்கரன் முன்னால் ஓடினார். பின்னால் வருகிறவர் பின்னாலேயே வந்தால் பிழையில்லை. ஆனால் சபாரத்தினத்துக்குக் கதைக்காமல் ஓட வராது. பாதை கொஞ்சம் அகன்றதும் பக்கத்தில் வந்துவிடுவார். எந்தப் பக்கம் என்று சுபாஸ்கரனுக்குத் தெரியாது. குரல் வருகிற பக்கம் தலையாட்டினார். றோட்டைக் கடக்கவேண்டிய இடங்களிலெல்லாம், சிக்னல் வெளிச்சம் மாறும்வரைக்கும் நின்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சபாரத்தினம் அதையும் மெச்சினார்.

ஹக்பிரிட்ஜ் தாண்டி ஒரு திருப்பத்தில், "சம்பந்தி, கயிறு! கயிறு!" என்று சபாரத்தினம் கத்தினார். சுபாஸ்கரன் இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்தார். கிறவல் சீறியது. முன்சில்லுக்கு முன்னால், பாதையின் இந்தக் கரையில் நின்ற பெண்ணின் கையிலிருந்து அந்தக் கரையில் மோந்துகொண்டு நின்ற நாய் வரைக்கும் ஒரு மெல்லிய கயிறு இழுபட்டு நின்றது. பெண்ணையும் அவர் காணவில்லை, நாயையும் காணவில்லை.

"காணேல்லையோ சம்பந்தி?"

"கண்டனான், கண்டனான். பிறேக் சரியாப் பிடிக்குதில்லை."

அந்தாள் உடனே சைக்கிளால் இறங்கி, காற்சட்டைப் பையிலிருந்து சைக்கிள் திருத்துகிற சின்னச் சாவிக் கட்டு ஒன்றை எடுத்து, பாதையோரத்தில் முழங்காலில் நின்று, ஒரு குறையும் இல்லாத பிறேக்கைத் திருத்தத் தொடங்கினார். வழுக்கை விழுந்த அந்த உச்சந்தலை சுபாஸ்கரனின் பார்வைக்கு நட்டநடுவில் இருந்தது. இவ்வளவு நல்ல மனுசனையா ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. இப்போதே சொல்லிவிடலாம். ஆறு ஓடுகிறது, யாரும் இல்லை, சொன்னால் ஒரு நிமிட வேலை. வாயைத் திறந்தார்.

அதற்குள் சபாரத்தினம் தலை நிமிராமலே, "குறை நினைக்காதேங்கோ சம்பந்தி, மனிசி கேக்கச் சொன்னவ. கேளாமல் போனால் என்னை வீட்டிலை இருக்கவிடாள். உங்கடை பக்கத்திலை பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்றார்.

சுபாஸ்கரனுக்கு ஜதுர்ஷிகா போனில் துஷாந்தனோடு சிரித்துக் கதைக்கிற சத்தம் காதில் கேட்டது.

"சீனி மட்டும்தான்" என்றார்.

"அது இல்லாத தமிழன் எங்கை இருக்கிறான்!" சபாரத்தினம் கடகடவென்று சிரித்து எழும்பி, எண்ணெய்க் கையோடேயே அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப முற்றாக்குவம். கோடைக்கு எல்லாரும் எங்கடை பக்கம் வாறியள். நீங்களும் நானும் எம்மெக் கரையாலை மலையடி மட்டும் ஓடுறம். சரியோ?"

"ஓம். வாறன்."

அவ்வளவுதான். முடிந்தது. நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டு விழுந்ததுபோல இருந்தது சுபாஸ்கரனுக்கு. மிச்சத் தூரம் முழுக்க அவர் வேகமாக ஓடினார். இனி என்ன? கலியாணம் நடக்கட்டும், பிறகு மெதுவாகச் சொல்லுவோம், பிள்ளைக்கு ஒன்றும் இராது, கடவுள் ஒரு வீட்டில் ஒரு ஆளோடு விடமாட்டாரா? சுபாஸ்கரன் இதுவரைக்கும் கேட்ட வரம் அது ஒன்றுதான்.

மோர்டன் ஹோல் பூங்காவின் தேநீர்க் கடை வாசலில் பெண்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். சபாரத்தினம் சைக்கிளை நிறுத்தும் முன்பே, "எல்லாம் முற்று!" என்று கத்தினார். அவருடைய மனைவி அருமைநாயகி எழும்பிவந்து சிவனேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள். ஜதுர்ஷிகா முகம் சிவந்து, "அப்பா, நீங்கள் ஓகேயோ? நல்லா வேர்த்திருக்கு" என்று தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். மஞ்சள் கம்பளிச் சட்டையில் பிள்ளை வடிவாக இருந்தாள். சுபாஸ்கரன் அவளுடைய முகத்தை மட்டும் தன் பார்வைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"முதல்லை வாயை இனிப்பாக்குவம்" என்று அருமைநாயகி கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, மருமகளுக்கு ஊட்டிவிட வந்தாள். ஜதுர்ஷிகா தகப்பனைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அருமைநாயகி அவளுக்கு இடப்பக்கம் வந்து, கேக்குத் துண்டைக் கன்னத்துக்குக் கிட்ட நீட்டிப் பிடித்தபடி நின்றாள். ஜதுர்ஷிகா கதைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை அங்கேயே நின்றது. மோதிரம் போட்ட விரல்கள், நடுவில் மஞ்சள் கேக்கு. மகளின் முகமும் அந்தக் கையும் ஒன்றாகச் சுபாஸ்கரனின் சின்ன வட்டத்துக்குள் இருந்தன. ஒரு சாண் தூரம் இராது. பிள்ளையின் கண் அசையவில்லை.

"மருமேள் வெக்கத்திலை மாமியைப் பாக்குதில்லை" என்று சபாரத்தினம் சிரித்தார்.

அப்போதுதான் ஜதுர்ஷிகா திரும்பினாள். அவளுடைய தாடை கையில் இடித்து, கேக்கு உதிர்ந்து கிறவலில் விழுந்தது. "ஐயோ சொறி அன்ரி! நீங்கள் எங்கையிருந்து வந்தனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சுபாஸ்கரன் சிரிக்கவில்லை. அவர் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார். கண்டபோது சிவனேஸ்வரி ஏற்கெனவே அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

அவர் கிட்டப் போனார். "உமக்குத் தெரியுமோ?"

"போன விண்டரிலை இருந்து." உதடு அசையாமல் சொன்னாள். "இருட்டினாப் பிறகு தன்ரை காரை எடுக்கமாட்டன் எண்டவள். கால் முழுக்க அடிபட்டுக் கண்டல். கேட்டால் கட்டிலிலை இடிச்சதாம்."

"சொல்லியிருக்கலாமே, சிவனேசு."

"சொல்லி? என்ன செய்திருப்பியள்?" அவளுடைய கண் நிறைந்தது; ஆனால் வாய் விருந்தாளிகளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. "இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ. அவை சந்தோசமா நிக்கினம்."

கண்டலை அவரும்தான் கண்டார். மாலையில் அவள் மாடிப்படியில் கைபிடித்து இறங்குவதையும் கண்டார். நேரே, நடுக்கண்ணால், நூல் பிசகாமல் கண்டார். கண்டும் காணாமல் இருந்துவிட்டார். ஒரு சாவிக்குக் காட்டிய கவனத்தைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டவில்லையே பாவி, என்று தன்னைத் தானே திட்டினார்.

சபாரத்தினத்துக்கு இதொன்றும் தெரியாது. அவர் தன் சைக்கிளின் சீற்றைப் பதித்து, "மருமேள், ஏறுங்கோ. எம்மெக்கு வாறதெண்டால் இப்பவே பழகவேணும்" என்றார். ஜதுர்ஷிகா மாட்டேன் என்பதுபோலச் சிணுங்கினாள். பிறகு ஏறி, ஆற்றோரப் பாதையில் மிதித்துக்கொண்டு போனாள்.

கிட்ட நின்றபோது சுபாஸ்கரனுக்கு அவளுடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. போகப் போகத் தோள் தெரிந்தது, முதுகு தெரிந்தது, இரண்டு சில்லும் தெரிந்தன. மரங்களுக்குக் கிட்டப் போனபோது மஞ்சள் சட்டையோடு முழுப்பிள்ளையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டாள். அவளுடைய தலை ஒரு பக்கம் திரும்பியது. பிறகு மறுபக்கம். மறுபடி இந்தப் பக்கம். ஓரமாய் வருவதைத் தேடிப் பிடிக்கிற ஆட்டம் அது. ஆஸ்பத்திரியில் அவருக்கு அதைப் பழக்கிவிட்டார்கள். அவளுக்கு ஒருத்தரும் பழக்கவில்லை.

"அங்கை பாருங்கோ சம்பந்தி" என்றார் சபாரத்தினம், மனம் நிறைந்து. "அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்து, என்ன மாதிரி ரசிச்சு ஓடுறா!"

"ஓம்" என்றார் சுபாஸ்கரன்.

தூரத்தில் அந்தச் சின்னத் தலை இடதும் வலதுமாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.