எட்டாம் சுற்றுக்கு வைத்திருந்தவன்

லோவெல் ஆம்ஸ்டட்ஸுக்குப் பயிர், பண்ணைக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. ஆலங்கட்டி மழை அடித்துப் போட்ட மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கி, எவ்வளவு தேறும், எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விவசாயி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் லோவெலின் பார்வை பயிரை விட்டு நகராது. அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. சரியாகச் சொல்கிறவர் என்றுதான் இண்டியானாவின் அந்த மூலையில் அவருக்குப் பெயர்.

மார்ச் மாதத்தையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார். கல்லூரிக் கூடைப்பந்துப் பெரும்போட்டி தொடங்குகிற மாதம் அது. தோற்ற அணி அன்றோடு வீட்டுக்குப் போகும். ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும். எந்தெந்த அணிகள் என்று அறிவித்த மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், அவர்கள் கிறிஸ்தவ சபையின் அடித்தள அறையில் எட்டுப் பேர் கூடுவார்கள். உருளைக்கிழங்கு மசியலின் மேல் நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு எட்டுப் பேர். நீங்கள் எடுத்த பையன் போடுகிற புள்ளியெல்லாம் உங்களுக்கு. அவன் அணி தோற்றால் அவனிடமிருந்து அதற்குமேல் ஒன்றும் வராது. பணம் கிடையாது, மெனோனைட் சபையில் பந்தயமா? கடைசியில் வருகிறவர் ஈஸ்டர் காலை விருந்தின் பாத்திரங்களைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

லோவெல் பாத்திரம் கழுவியதே இல்லை. அவரிடம் சில விதிகள் இருந்தன, கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லவும் செய்வார். ஒருவன் ஆட்டத்துக்கு எவ்வளவு அடிக்கிறான் என்பது பாதிக் கணக்குதான். அவன் அணி எத்தனை ஆட்டம் உயிரோடு இருக்கும் என்பது மீதிப் பாதி. சின்னக் கல்லூரியின் பெரிய சூரன் ஒரே நாளில் வீட்டுக்குப் போவான். பெரிய கல்லூரியின் இரண்டாம் ஆள் மூன்று வாரம் சோறு போடுவான். முதலாண்டுப் பையன்களுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்கும், நாலாம் ஆண்டுக்காரனுக்கு நடுங்காது. பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குகிற பயிற்சியாளரின் பிள்ளைகளைத் தொடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கடைசியில் எப்படியும் உன் கைக்கு வரப்போகிறவனை முதலில் எடுக்காதே. அது கையிலிருக்கும் நல்ல வாய்ப்பைக் கிணற்றில் போடுவது.

அந்த வருஷம் அந்த விதிக்கு ஒரு சோதனை வந்தது. லோவெலின் மகன் நோலன் படிக்கிற சின்னக் கல்லூரி, செயின்ட் ஆல்டன், முதல்முறையாகப் பெரும்போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாலாம் ஆண்டில்தான் நோலன் முதல் ஐவரில் இடம் பிடித்திருந்தான். முதல் ஆட்டமே நாட்டின் முதல்தர அணிகளில் ஒன்றோடு. ஒரே ஆட்டம்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாட்டு எண்களைத் தொங்கவிடும் பலகையிலிருந்து எட்டு அட்டைகளைக் கழற்றி, யார் எத்தனையாவதாக எடுப்பது என்று பாஸ்டர் கென்டன் தன் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார். லோவெலுக்கு இரண்டு வந்தது. ஃபெர்ன் கிங்கரிச்சுக்கு எட்டு. ஃபெர்ன் ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் நிற்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்கன் வாசிப்பவர். ஆட்டக்காரர்களை அவர் தேர்ந்தெடுக்கிற விதம் தனி. கீழே விழுந்த எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவனாகப் பார்த்து எடுப்பார். அதனால் ஈஸ்டர் பாத்திரமும் பெரும்பாலும் அவருக்கே.

லோவெல் தன் முறை வந்ததும் ட்ரெவியன் மேப்ஸை எடுத்தார். கோப்பை வாங்கும் என்று எல்லோரும் சொன்ன அணியின் முதல் ஆள். மேசையைச் சுற்றிப் பெருமூச்சு எழுந்தது. நோலனைக் கடைசிச் சுற்றில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். ஒரே நாள் ஆடப்போகிறவனை வேறு யார் தொடப்போகிறார்கள்? அதுவும் அப்பன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது?

முறை சுற்றிக்கொண்டு ஃபெர்னிடம் வந்தது.

"நோலன் ஆம்ஸ்டட்ஸ்," என்றார் ஃபெர்ன்.

பாஸ்டர், "சிஸ்டர், இது முதல் சுத்து," என்றார்.

"தெரியும் பாஸ்டர். எனக்கும் எண்ணத் தெரியும்."

"பாத்திரம் தேய்க்கிற சோப்ப இப்பவே வாங்கி வச்சிருங்க," என்றார் பால்பண்ணை வைத்திருக்கும் மெர்ல். எல்லோரும் சிரித்தார்கள், ஃபெர்னும்தான். லோவெலும் உதட்டளவில் சிரித்தார். பாஸ்டரின் மனைவி பலகையில் நோலனின் பெயரை எழுதியபோது லோவெலுக்குக் கழுத்து வரை சூடேறியது. ஃபெர்ன் தன்னைச் சீண்டுகிறார் என்று முதலில் நினைத்தார். அப்புறம், திட்டம் கெட்டதே என்று எரிச்சல். மீதி ஏழு சுற்றுகளையும் பழுதில்லாமல் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை சபையின் இணையப் பக்கத்தில் பலகையின் படம் வந்திருந்தது. வருஷாவருஷம் போடுவதுதான். அதை நோலனும் பார்த்திருந்தான். அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். லினெட் போனைக் காபிக்குப் பக்கத்தில் வைத்து, வாசிக்கும்படி கணவரிடம் தள்ளினாள்.

ஃபெர்ன் ஆன்ட்டிக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொல்லியிருந்தான். முதல் சுற்றில் தன் பெயரைப் பார்த்ததும் அறையிலிருந்த பையன்கள் ஆரவாரம் செய்தார்களாம். அப்பா எடுக்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அவர் ஆட்டம் தெரிந்தவர் என்றும் எழுதியிருந்தான். கடைசியாக ஒரு கேள்வி. வியாழக்கிழமை இண்டியானாபோலிஸ் ஆட்டத்துக்கு வீட்டார் பெயர்களைப் பயிற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். அம்மா பெயரைக் கொடுத்துவிட்டேன், அப்பா வருவாரா, இல்லை எப்போதும்போல வீட்டிலிருந்தே குறிப்பெடுத்துக்கொண்டு பார்ப்பாரா?

அந்த 'எப்போதும்போல'வில் லோவெலின் கண் நின்றுவிட்டது.

உண்மைதான். நாலு வருஷமாக அவர் மகனுடைய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். அரங்கத்தில் உட்கார்ந்தால் கூட்டம் மறைக்கும், எண்ணிக்கை தப்பும். ஆட்டம் முடிந்து நோலன் கூப்பிட்டால், எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவார். மகனுக்கு உதவுகிறோம் என்றுதான் நினைத்தார். இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கூப்பிடுதல் குறைந்துபோனதை, பரீட்சை நெருக்கடி என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் அவன எட்டாம் சுத்துக்கு வச்சிருந்தேன் லினெட்," என்றார். "வேற யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரியும். கடைசில அவனத்தான் எடுக்க இருந்தேன்."

லினெட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அத அவன்கிட்ட இதே வார்த்தைல சொல்லிப் பாரேன்."

அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உன்னைக் கடைசிக்கு வைத்திருந்தேன் மகனே. வேறு யாருக்கும் நீ வேண்டாம் என்று தெரியும். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த வாக்கியம் தேறவில்லை. போன பயிரைப் பார்த்துத் தேறும் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சபையில் பங்கு போட்ட பையன்களை, வியாழன் மதியம் முதல் பந்து மேலே எழும்பும் வரை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். லோவெல் நேராக ஹார்ட்வேர் கடைக்குப் போனார். ஃபெர்ன் ஒரு பெரியவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் போகும் வரை லோவெல் குழாய் மூடிகளைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு, நோலனைத் தனக்குத் தர முடியுமா, பதிலுக்குத் தன் ஏழாம் சுற்று ஆளைத் தருகிறேன் என்றார். ஃபெர்ன் தலையாட்டி மறுத்தார். ஐந்தாம் சுற்று ஆள்? அதற்கும் இல்லை. மூன்றாம் சுற்று ஆளைச் சொன்னபோது லோவெலுக்கே அது தாராளம் என்று பட்டது. எந்தக் கணக்கிலும் நோலனுக்கு நாலு மடங்கு பெறுவான் அவன். ஃபெர்ன் கல்லாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நான் பேரம் பேசல லோவெல். எனக்கு ஆட்டமே சரியா தெரியாது. வருஷா வருஷம் அந்த ரூம்ல உக்காந்து ஊர் பேர் தெரியாத பசங்க பேரயெல்லாம் வாசிக்கிறோம். இந்த வருஷம் அதுல ஒருத்தன், நம்ம கிறிஸ்மஸ் நாடகத்துல ஆட்டுக்குட்டியா நின்னு தூங்கிப்போனவன். அவன் பேரு எப்ப வரும் எப்ப வரும்னு கடைசி வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னு தோணிச்சு. அதான் எடுத்தேன்."

லோவெல் கல்லாவின் மேல் சிந்திக் கிடந்த ஆணி ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உனக்கு வேணும்னா கொடுக்கிறேன். அவன் உன் பையன். ஆனா முதல் சுத்துல எடுத்தவன மூணாம் சுத்து ஆளுக்கு மாத்தினேன்னு பலகைல எழுதினா, அத அவன் பாப்பான்ல?"

லோவெலுக்குப் புரிந்தது. தன் முதல் சுற்று ஆளின் பெயரைச் சொல்வதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. இந்த வருஷம் ஜெயிப்பது தான்தான் என்று திங்கள் இரவே தெரிந்திருந்தது அவருக்கு. மேப்ஸ் கையிலிருந்தால் மற்ற ஏழு பேர் தூங்கினாலும் போதும்.

"மேப்ஸ்," என்றார்.

"அது யாரு?"

"ட்ரெவியன் மேப்ஸ், சிஸ்டர். நாட்டுலயே இப்ப அவன மிஞ்ச ஆளில்ல."

"நல்ல பையனா?"

"விழுந்தவங்களத் தூக்கிவிடுவானான்னு தெரியல," என்றார் லோவெல். "பாதிப் பேர விழ வைக்கிறதே அவன்தான்."

ஃபெர்ன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கல்லாவுக்கு மேலாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் பாஸ்டரின் மனைவி மாற்றத்தை இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்: மேப்ஸ் ஃபெர்னுக்கு, நோலன் லோவெலுக்கு. அதன் கீழே மெர்ல், லோவெலுக்குக் காய்ச்சலா என்று யாராவது போய்ப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

லோவெல் ஒரு கோழிப்பண்ணையின் கூரைச் சேதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குளிர்காலம் முழுக்க அம்மாவின் போனுக்கே வந்த அழைப்பு, இன்று அவர் சட்டைப்பையில் அடித்தது.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"மாத்திக்கிட்டேன்."

"மேப்ஸயா? எனக்கா? எங்களுக்கு ஒரு ஆட்டம்தான்ப்பா. உங்க விதியெல்லாம் எங்க போச்சு? ரூம்ல எல்லாரும் உங்க அப்பாவுக்குப் பைத்தியமாங்கறாங்க."

"மோசமான மாற்றம்தான்," என்றார் லோவெல். பொய் சொல்ல அவருக்கு வராது. காலடியில் கிடந்த கூரைத் தகரத்தைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். கடைசியில் கேட்டார்: "நோலன், வியாழக்கிழமைக்கு என் பேரையும் கொடுக்க முடியுமா? இன்னும் நேரம் இருக்கா?"

"கொடுத்துட்டேன்ப்பா," என்றான் நோலன். "அம்மா பேரோடயே நேத்து கொடுத்துட்டேன். வரலன்னா அம்மா அந்த சீட்டுல கோட்ட வச்சுக்கட்டும்னு."

வியாழக்கிழமை லோவெல் அரங்கத்தில், ஆட்டக்காரர்களின் பெற்றோர் வரிசையில், பென்சில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் ஒருவர் அடிக்கடி எழுந்து மறைத்தார். செயின்ட் ஆல்டன் பாதி ஆட்டம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் பெரிய அணி தன் உயரத்தையும் எடையையும் காட்டியது. தொலைக்காட்சியில் ஒருபோதும் தெரியாத ஒன்றை லோவெல் அன்று பார்த்தார். பந்து வேறு பக்கம் இருக்கும்போதெல்லாம் நோலன் பேசிக்கொண்டே இருந்தான். தவறவிட்டவனின் முதுகில் தட்டினான். வெளியே போனவனுக்குத் தண்ணீரை நீட்டினான். கேமரா பந்தின் பின்னால் போகிறது, இதெல்லாம் எங்கே தெரியும்? கடைசி நிமிஷங்களில், தோல்வி முடிவான பிறகும், பந்துக்காகத் தரையில் பாய்ந்து விளம்பரப் பலகையில் மோதினான். லோவெல் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லிப் பின்னால் இருந்தவர் அதட்ட வேண்டியதாயிற்று.

தோற்றார்கள். நோலன் ஒன்பது புள்ளி போட்டிருந்தான். ஆட்டக்காரர்கள் வெளியே வருகிற வழியில் லினெட் மகனைக் கட்டிக்கொண்டு விட்ட பிறகு, அவன் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வழக்கமான அந்த எண்ணிக்கைக்காக அவன் காத்திருப்பதை லோவெல் பார்த்தார். மகனின் ஈரமான தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். நோலன் அதை எதிர்பார்க்கவில்லை. இருவருமே அதில் பழக்கமில்லாதவர்கள். லோவெலின் மூக்குக் கண்ணாடி நசுங்கிற்று.

பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு நோலன் அவர்களோடு காரிலேயே வந்தான். லினெட் ஓட்டினாள். அப்பாவும் மகனும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வழியில் வாங்கிய பன்றிக்கறி சாண்ட்விச்சை நோலன் இரண்டு கடியில் முடித்துவிட்டு அப்பாவுடையதையும் வாங்கித் தின்றான். வயல்கள் இன்னும் உழப்படாமல் ஈரமாகக் கிடந்தன. வானொலியில் இன்னொரு ஊரின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மேப்ஸ் முப்பத்தொரு புள்ளி போட்டுவிட்டான் என்றும், இன்னும் ஆட்டம் மிச்சமிருக்கிறது என்றும் அறிவிப்பாளர் கத்தினார்.

லினெட் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். நோலன் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"வலிக்குதாப்பா?"

லோவெல் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். சரியாகச் சொல்வதுதானே அவர் பழக்கம்.

"வலிக்குது," என்றார். "நல்லாவே வலிக்குது."

நோலன் சிரிக்கத் தொடங்கினான். தோற்ற நாளில் சிரிக்கக் கூடாது என்று அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் குலுங்கியதில் லோவெலும் சேர்ந்து குலுங்கினார். முன்னிருக்கையில் லினெட் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் உதடுகள் லேசாக அசைந்தன. ஆண்டவருக்கு நன்றி சொல்கிறாளா, வண்டியை நிதானமாக ஓட்டச் சொல்லித் தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்பது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.