கீழிருந்து இரண்டாவது துளை

கொஞ்சம் கிட்டத்தில் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரின் கதை சொல்கிறேன். நல்ல எண்ணத்தோடேயே அதன் வாயை அடைத்தவர்களும், மூன்று மணிக்குள் அதைப் பேசவைத்த ஒருத்தியும் இந்தக் கதையில் வருவார்கள்.

அவளைத் தெருவில் எல்லோரும் டெலிபோன் அக்கா என்பார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்ட பிறகு, வீட்டிலிருந்தே வேறு வேலை பிடித்தாள். டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிந்து வைக்கும் குறிப்புகளைக் கேட்டு, டைப் அடித்து அனுப்ப வேண்டும். திரையில் எது வந்தாலும் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. ஜலதோஷம் பிடித்த ஆள் அவசர அவசரமாகப் பேசுவது போன்ற குரல். அதே வீட்டில் இருந்த தம்பி மனைவி அதற்கு மூக்கடைப்பார் என்று பெயர் வைத்திருந்தாள். நாள் முழுக்க அந்த மனுஷன் தொணதொணக்கிறார் என்று சலித்தும் கொள்வாள்.

டெலிபோன் அக்கா சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, வியாழக்கிழமை காலை திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. தம்பி இருமிக்கொண்டே இருந்தான். சொல்ல முடியாத விஷயம் இருந்தால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருமல் வரும்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குப் பேச்சு நின்றுவிட்டது. தம்பி மெக்கானிக்கை வரவழைத்தான். அவர் ஒரு மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, ஆயுசு முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். நாலு மணிக்கு வந்து உதிரி பாகத்துக்காகப் பெட்டியை எடுத்துப்போவதாகவும் சொல்லியிருந்தார். அது போதாதென்று அவளுக்கு வேலை தரும் கம்பெனியின் மேலாளர் வேறு போன் செய்திருந்தார். வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோருக்கும் இன்று மூன்று மணிக்குச் சோதனை. ஒரு ஒலிப்பதிவு வரும். அரை மணி நேரத்தில் டைப் அடித்துத் திருப்பி அனுப்பாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அவரிடம் தம்பி, அக்காவுக்கு இனி முடியாது, ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

டெலிபோன் அக்கா பையைக் கீழே வைக்கவில்லை.

"என்கிட்ட கேட்டியா?"

"நீ ஊர்ல இல்லையேக்கா. எத்தனை நாளைக்குத்தான் அந்த ஓட்டைப் பெட்டியோட மல்லுக்கட்டுவ? நான் சம்பாதிக்கிறேன்ல?"

"சரி. நாளைக்கு உன் ஆபீசுக்கு நான் ஒரு போன் போடறேன். என் தம்பிக்கு முடியல, வேலைய விட்டு எடுத்துடுங்கன்னு சொல்றேன். உனக்குச் சம்மதமா?"

தம்பி மறுபடியும் இருமினான். பிறகு, பெட்டி பழசு என்பதை அவள் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று கேட்டான்.

"பழசுதான். புதுசு வந்தா அதையும் கத்துக்குவேன். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும், மூணு மணிக்குள்ள ஆகாது. என்னக் கேக்காம யாரும் என்னை ஓய்வுல உக்கார வைக்க முடியாது. நீ வேலைக்குக் கிளம்பு."

அவன் போனான். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது.

டெலிபோன் அக்கா தன் அறைக்குள் நுழைந்ததும் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. மேஜை ஒரு சாண் நகர்ந்திருந்தது. உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுழலத் தொடங்கியது. பெட்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு குட்டி பீப். பிறகு ஹார்ட் டிஸ்க் கரகரவென்று மென்றது. எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் கடைசியில் வரவேண்டிய வரவேற்பு இசை வரவில்லை, மூக்கடைப்பாரும் வரவில்லை. கண் உள்ளவர்களுக்குச் சத்தம் போனால் பாட்டு மட்டும்தான் போகும். அவளுக்குத் திரையே போன மாதிரி.

கீபோர்டில் எண்களுக்கு மேலே இருக்கும் 'நம் லாக்' கீயை அழுத்திப் பிடித்து மனதுக்குள் ஐந்து எண்ணினாள். பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், கீங் என்றது. அது தனிப் பாதை, மற்ற சத்தங்களை வெளியே அனுப்பும் சவுண்டு கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் முழுசாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது. பேச்சு மட்டும்தான் வெளியே வரவில்லை.

"ஆயுசு முடிஞ்சுதாம்ல," என்று மெக்கானிக்கை நினைத்து முணுமுணுத்தாள்.

அடுத்து ஸ்பீக்கர். அதன் பிளக்கைப் பெட்டியிலிருந்து உருவி, நுனியை விரலால் தொட்டாள். ஸ்பீக்கர் ம்ம்ம் என்று முனகியது. அதற்கும் உயிர் இருக்கிறது. பிளக்கைத் திருப்பிச் செருகப் போனபோதுதான் கை திகைத்து நின்றது. அதை உருவியது மேலே இருக்கும் துளையிலிருந்து.

பெட்டியின் முதுகில் இரண்டு இடங்களில் சவுண்டுக்கான துளைகள் உண்டு. மேலே இருப்பவை பெட்டியோடு பிறந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய இடி இடித்தபோது அவை செத்துப்போயின. அதன் பிறகு கீழே ஒரு சவுண்டு கார்டைத் தனியாகச் செருகியிருந்தாள். அதில் மூன்று துளைகள், எதற்கும் நிறம் கிடையாது. கீழிருந்து இரண்டாவதுதான் ஸ்பீக்கருக்கு. தடவினால் தெரிய வேண்டும் என்று அதன் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசையைக் காயவைத்திருந்தாள். இப்போது தடவினால் அந்த மொட்டு இல்லை. வழவழவென்று இருந்தது.

வாசலில் மூச்சுச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி வந்து நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"அண்ணி, நான்தான்." குரல் நனைந்திருந்தது. "நீங்க வர்றதுக்குள்ள ரூமைப் பளிச்சுனு வெச்சிருக்கலாம்னு எல்லாத்தையும் கழட்டித் துடைச்சேன். அது அழுக்குன்னு நெனச்சுச் சொரண்டிட்டேன். ஒயர் எல்லாம் கலரு பாத்துத்தான் மாட்டினேன். பச்சைக்குப் பச்சை. மூணு தடவ சரிபாத்தேன் அண்ணி."

மூன்று தடவை சரிபார்த்துச் செய்த தப்பு. திட்ட வாய் வரவில்லை.

"அழுதது போதும். மெக்கானிக் எதத் தொட்டான், அதச் சொல்லு."

திரையில் ஏதேதோ திறந்து மூடினார் என்பதைத் தவிர அவளுக்குத் தெரியவில்லை. டெலிபோன் அக்கா பிளக்கைக் கீழிருந்து இரண்டாவதில் செருகி, பெட்டியை அணைத்து மறுபடியும் போட்டாள். அப்போதும் ஊமைதான். மெக்கானிக் என்ன செய்திருப்பார் என்று இப்போது புரிந்தது. பிளக் இருந்த இடத்துக்கே சத்தத்தை அனுப்பச் சொல்லி உள்ளேயும் மாற்றியிருப்பார். செத்த துளைக்கு.

அதற்கு வழி அவள் விரலுக்குத் தெரியும். இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தி, ஒரு சின்னக் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்து எண்டர் தட்டினாள். திறந்ததா என்று சொல்லத்தான் ஒரு வாய் வேண்டும்.

"இன்னிக்கு நீதான் மூக்கடைப்பார். திரையில இருக்கறத அப்படியே படி. எது முக்கியம்னு நீ முடிவு பண்ணாத."

"ஏதோ கேக்குது அண்ணி. சரின்னு குடுத்துடவா?"

"குடுத்தா கையை ஒடிப்பேன். படி."

அவள் படித்தாள். முதலில் விழுங்கி விழுங்கி, பிறகு ஒரு புள்ளிகூட விடாமல். ஓரத்தில் இருந்த கடிகாரத்தையும் சேர்த்தே படித்தாள். பன்னிரண்டு ஐம்பது. சத்தம் போகும் வழி என்று இரண்டு பெயர்கள் இருப்பதாகவும், மேலே உள்ளதன்மேல் நீலப் பட்டை இருப்பதாகவும் சொன்னாள். டெலிபோன் அக்கா கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினாள். பட்டை கீழே இறங்கியது என்றாள். எண்டர்.

பெட்டியை மறுபடியும் எழுப்பினாள். விசிறி, பீப், கரகரப்பு. வரவேற்பு இசை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூக்கடைப்பார் கடகடவென்று பேசத் தொடங்கினார்.

"வந்துட்டாரா மனுஷன்," என்றாள் தம்பி மனைவி, பிரிந்த உறவைக் கண்டவள் போல.

மனுஷன் வந்ததும் வராததுமாகக் குறைதான் சொன்னார். நெட்வொர்க் கேபிள் செருகப்படவில்லை என்றார். செருகித்தான் இருந்தது. டெலிபோன் அக்கா தடவினாள். அந்தக் கேபிளின் முனையில் க்ளிக் என்று பிடிக்கும் கொக்கி உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. இடுக்கில் ஒரு தீக்குச்சியை முட்டுக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். தீக்குச்சியைக் காணோம்.

"அதையும் குப்பைன்னு..." என்று தொடங்கினாள் தம்பி மனைவி, முடிக்கவில்லை.

வீட்டில் அன்று தீப்பெட்டியும் காலி. பேப்பரை மடித்து வைத்தார்கள். நசுங்கியது. அட்டையை வெட்டி வைத்தார்கள். வழுக்கியது. கையால் அழுத்தும்போது பெட்டியில் விளக்கு மினுக்குகிறது, விட்டால் அணைகிறது என்று தம்பி மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். கடிகாரம் இரண்டு அடித்து, அரை மணியும் அடித்தது. திடீரென்று அவள் எழுந்து ஓடினாள். பக்கத்து அறையில் டப் என்று ஏதோ உடையும் சத்தம். திரும்பி வந்து அக்காவின் உள்ளங்கையில் ஒரு பொடி சாமானை வைத்தாள். தடவிப் பார்த்தால் சீப்புப் பல்.

"உன் நல்ல சீப்பா?"

"பரவால்ல அண்ணி. தலை சீவ மிச்சப் பல்லு போதும்."

சீப்புப் பல் அச்சாக உட்கார்ந்தது. விளக்கு அணையவில்லை.

பட்டியலிலிருந்து அவள் பெயரை இன்னும் எடுக்கவில்லை போலும், மூன்று மணிக்கு ஒலிப்பதிவு வந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர், பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். டெலிபோன் அக்காவுக்கு அந்த டாக்டரைத் தெரியும், ஆஸ்பத்திரியிலேயே அவர் போனில் அப்படித்தான் பேசுவார். மூன்று இருபத்தொன்றுக்குத் திருப்பி அனுப்பினாள். பதில் வர அரை மணி ஆனது. பாராட்டு எதுவும் இல்லை. அடுத்த வாரத்துக்கான வேலைப் பட்டியல் மட்டும்தான் வந்தது. அதை மூக்கடைப்பாரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். உடனே வேலையைத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு மெக்கானிக் கையில் சாக்கோடு வந்தார். உள்ளே விரல்கள் தடதடக்கும் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள் அக்கா, தட்டுவதை நிறுத்தாமல். "நான் வேலையில இருக்கேன்."

பிளக் மாறிப்போன கதையைத் தம்பி மனைவி சொல்ல, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பச்சையிலதானேம்மா சொருகணும்? நான் பாத்தப்போ அதுலதானே இருந்துச்சு?"

"பச்சைன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, தம்பி. கீழிருந்து ரெண்டாவது எதுன்னு தெரியும். பெட்டி யாரோடதோ அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சாக்குத் தூக்கிட்டு வந்திருக்க வேண்டாம்."

அவர் சாக்கை மடித்தார்.

சாயங்காலம் தம்பி வந்து இருமினான். அக்கா போனை அவன் கையில் வைத்து, மேலாளரிடம் அவன் சொன்ன ஓய்வை அவன் வாயாலேயே திரும்ப எடுக்கச் சொன்னாள். எடுத்தான். அவன் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். உள்ளே தம்பி மனைவி பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து, கீழிருந்து எண்ணி, இரண்டாவது துளையின் ஓரத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சை வைத்து, காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தாள்.

நீங்களும் எழுந்து போங்கள், கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டில் எல்லோருடைய வாய்க்கும் பேச்சு இருக்கட்டும், எல்லோருடைய பேச்சுக்கும் ஒரு காது இருக்கட்டும். உங்களைக் கேட்காமல் உங்களுக்காக யாரும் முடிவெடுக்காத வீடாக, நீங்களும் யாருக்கும் அப்படி முடிவெடுக்காத வீடாக, அது நிறைந்து விளங்கட்டும்.